கூடிய சுமைக்குச் சக்கரப் பேரிங் அமைப்பது எப்படி

திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாவில் மணல் ஏற்றும் பெட்டியாக இருக்கட்டும், உப்புவெளிக் கரையில் படகு இறக்கும் ட்ரெயிலராக இருக்கட்டும், பேரிங் அடிக்கடி போகத் தொடங்கியதும் கடையில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "இதைவிடப் பெரிய நம்பர் எது?" நம்பரிலிருந்து தொடங்கினால் வேலை பிழைத்துவிடும். சக்கரத்தின் சுமை உள் பேரிங்குக்கும் வெளிப் பேரிங்குக்கும் எப்படிப் பிரிகிறது, இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம், அவற்றைச் சுமக்கும் ஸ்பிண்டில் எவ்வளவு தடிப்பு, தண்ணீர் எந்தப் பக்கத்தால் உள்ளே போகிறது ஆகிய நான்கையும் முடிவெடுத்த பிறகுதான் நம்பர் வரவேண்டும். நம்பர் என்பது கணக்கின் கடைசி வரி.

இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஒற்றை அச்சு ட்ரெயிலர். பிரேக் இருக்கும், ஆனால் எஞ்சின் சுற்றாத சக்கரம். ரிம் பூட்டும் நடுப்பாகமான ஹப் சுற்றும், அதைத் தாங்கும் அச்சு முனையான ஸ்பிண்டில் சுற்றாது. இதுவரை மொத்த எடை 1000 கிலோவுக்கு ஓடியதை 1700 கிலோவுக்கு மாற்ற வேண்டும். டயர் 14 அங்குலம், சுமையோடு நிற்கும்போது தரையிலிருந்து அச்சு மையம்வரை 300 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். புதிய கார்களில் வரும் சீல் செய்த ஹப் யூனிட்டுக்கு இந்த முறை ஒத்துவராது. அதைப் பிரித்துப் பெரிதாக்க முடியாது. கூடிய சுமை வேண்டுமானால் நக்கிளோடு (ஹப்பைத் தாங்கும் பாகம்) சேர்த்துப் பெரிய வாகனத்தின் யூனிட்டுக்கு மாறுவதுதான் வழி.

சுமையை நிறுத்துப் பாருங்கள்

ஊகத்தில் எடை சொல்லும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். காய்ந்த ஆற்று மணல் ஒரு கன மீற்றர் 1.6 தொன் அளவில் வரும். நனைந்தது 1.9 தொன்வரை போகும். ஆகவே கால் கியூப் காய்ந்த மணல் 1130 கிலோ, அதே கால் கியூப் மகாவலியிலிருந்து ஈரத்தோடு அள்ளினால் 1350 கிலோ. வெறும் பெட்டி 400 கிலோ என்றால் காய்ந்த மணலோடு 1700க்குள் நிற்கும் ட்ரெயிலர், ஈர மணலோடு எல்லையைத் தாண்டிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு குவியல்தான். புல்மோட்டைப் பக்கத்து இல்மனைட் கலந்த கரு மணல் இன்னும் மோசம். சாதாரண மணலின் குவார்ட்ஸ் அடர்த்தி 2.65, இல்மனைட்டினது 4.5க்கு மேல்.

ஒருமுறையாவது எடைப்பாலத்தில் ஏற்றி, அச்சில் விழும் எடையைத் தனியாக எடுங்கள். இழுவைக் கொக்கியில் விழும் பங்கைக் கழிக்காமல் விட்டால் கணக்கு பாதுகாப்பான பக்கம் இருக்கும். 1700 கிலோவில் ஒரு சக்கரத்துக்கு 850 கிலோ, அதாவது 8.34 கிலோநியூட்டன். 1000 கிலோவில் அது 4.9 ஆக இருந்தது.

சுமை கூடினால் ஆயுள் எப்படிக் குறைகிறது என்பதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ரோலர் பேரிங்கில் அடிப்படை ஆயுள், சுமையின் 10/3 அடுக்குக்கு எதிர்மாறாகப் போகும். பந்துப் பேரிங்கில் 3 அடுக்கு. எனவே சுமை 25 வீதம் கூடினாலே ரோலர் பேரிங்கின் ஆயுள் ஏறத்தாழப் பாதி. இரு மடங்கானால் பத்தில் ஒன்று. நம்முடைய 1.7 மடங்குக்கு ஏறத்தாழ ஆறில் ஒன்று.

சுமைக்கோடு

டயரின் நடுவிலிருந்து நேராக மேலே ஒரு கோடு இழுத்தால் அது ஹப்பை எந்த இடத்தில் வெட்டுகிறது என்பதே இந்த வேலையின் உயிர். பழைய ஹப்பில் இரண்டு பேரிங்குகளின் அழுத்த மையங்களுக்கு (பேரிங் சுமை அச்சுக் கோட்டில் பிடிக்கும் புள்ளிகளுக்கு) இடையே 70 மி.மீ. சுமைக்கோடு உள் பேரிங்கின் மையத்திலிருந்து 15 மி.மீ. வெளியே விழுகிறது. அப்போது உள் பேரிங் 55/70, அதாவது 79 வீதத்தைத் தாங்கும். வெளிப் பேரிங்குக்கு 21 வீதம். உள்ளது பெரியதாகவும் வெளியது சிறியதாகவும் வைக்கப்படுவது இதனால்தான்.

இப்போது அதே ஹப்பில் அகலமான டயர் போடுவதற்காக ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே 30 மி.மீ. ஸ்பேசர் வைத்துவிட்டார்கள் என்று எடுங்கள். சுமைக்கோடு 45 மி.மீ.க்குப் போய்விட்டது. வெளிப் பேரிங்குக்கு 64 வீதம். சிறிய பேரிங் மூன்று மடங்கு சுமையைத் தூக்குகிறது, பெட்டியில் ஒரு கிலோகூடக் கூட்டாமலே. ரிம்மைத் திருப்பிப் போட்டு, கோடு வெளிப் பேரிங்கையும் தாண்டி 90 மி.மீ.க்குப் போனால் வெளிப் பேரிங்கில் சக்கரச் சுமையின் 129 வீதம் விழும். உள் பேரிங் தலைகீழாக இழுபடும். "பெரிய பேரிங் போட்டும் வெளிப்பக்கம் மட்டும் திரும்பத் திரும்பப் போகுது" என்று வரும் ஹப்பில் முதலில் பார்க்க வேண்டியது ரிம்மைத்தான்.

அளப்பது எளிது. ரிம்மைக் கழற்றி, போல்ட் முகத்திலிருந்து ரிம்மின் இரு விளிம்புக்கும் உள்ள தூரத்தை எடுத்து, நடு எங்கே வருகிறது என்று கணக்கிடுங்கள். பிறகு ஹப்பின் போல்ட் முகத்திலிருந்து உள் பேரிங் கோனின் (ஸ்பிண்டிலில் அமரும் உள் வளையம்) பின்முகம்வரை ஆழத்தை வேர்னியரால் எடுங்கள். இரண்டையும் ஒரு தாளில் முழு அளவில் வரைந்தாலே பாதி விடை தெரிந்துவிடும். புதிய வடிவமைப்பில் சுமைக்கோடு இடைவெளியின் கால் பங்கில், உள் பேரிங் பக்கமாக விழ வேண்டும். 100 மி.மீ. இடைவெளிக்கு 25 மி.மீ. அப்போது பங்கு 75க்கு 25.

வளைவில் என்ன நடக்கிறது

நேர் வீதியில் மட்டும் ஓடுவதென்றால் கணக்கு இதோடு முடிந்துவிடும். கந்தளாய் வீதியில் சுமையோடு திரும்பும்போது, தரை டயரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்த விசை அச்சிலிருந்து 300 மி.மீ. கீழே பிடிக்கிறது. சக்கரச் சுமையின் ஐந்தில் ஒன்று பக்க விசையாக வந்தால் 1.67 கிலோநியூட்டன். 300 மி.மீ. நெம்புகோலோடு 500 நியூட்டன் மீற்றர் முறுக்கு. இதை எதிர்ப்பதற்குப் பேரிங்குகளிடம் இருப்பது அவற்றின் இடைவெளி மட்டுமே.

வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்தை எடுங்கள். பழைய 70 மி.மீ. ஹப்பில் 1700 கிலோவுக்கு உள் பேரிங் சுமை 13.7 கிலோநியூட்டனுக்கு ஏறுகிறது. நேராக ஓடும்போது அது 6.6தான். புதிய 100 மி.மீ. அமைப்பில் 11.3. வளைவில் எடையும் அந்தப் பக்கம் சாய்வதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். பெட்டி உயரமாக இருந்தால் அதிகமாகவே கூடும். அதனால் இடைவெளியைக் கூட்டுவதற்குச் செலவாகும் ஒவ்வொரு மில்லிமீற்றரும் பெறுமதியானது. ஹப் நீளமாகத் தெரிகிறது என்று குறைத்துவிடாதீர்கள்.

இந்தப் பக்க விசைக்காகவே, கூம்பாகச் சரிந்த ரோலர்கள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங் பிறந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன், 1898 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வண்டி திரும்பும்போது சக்கரத்தில் வரும் பக்கச் சுமைதான் அவருக்கும் பிரச்சினை. டேப்பர் பேரிங்குகளைச் சக்கர ஹப்பில் போடும்போது, கப்புகளின் (ஹப்புக்குள் அமரும் வெளி வளையங்கள்) தடித்த முகங்கள் ஹப்பின் நடுவை நோக்கியும் கோன்களின் பெரிய விளிம்புகள் வெளியே பார்த்தும் இருக்கும். இந்தப் போக்கில் அழுத்த மையங்கள் வெளிப்பக்கம் தள்ளிப்போவதால், உள்ள இடத்துக்குள் கூடுதல் இடைவெளி கிடைக்கிறது.

ஆயுள் கணக்கு

பேரிங் பட்டியலில் இயக்கச் சுமைத் திறன் என்று ஓர் எண் இருக்கும். ஒரே நம்பருக்கும் தயாரிப்பாளரைப் பொறுத்து அது மாறும். இங்கே குறைந்த பக்கத்து எண்களை எடுக்கிறோம்: 25 மி.மீ. ஸ்பிண்டிலுக்குரிய 30205க்கு 31 கிலோநியூட்டன், 35 மி.மீ.க்குரிய 30207க்கு 51. தரமான புதிய பேரிங்குகளுக்கு இதைவிடக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். அந்த மிச்சத்தை வீதிக் குழிகளுக்கு விட்டுவிடுங்கள்.

முறை இதுதான். நேராக ஓடும் சுமையைக் குழி, மேடுகளுக்காக 1.5 ஆல் பெருக்குங்கள். ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வளைவு என்று எடுத்து, இரண்டு சுமைகளையும் 10/3 அடுக்கில் உயர்த்தி, 0.9, 0.1 என்ற பங்கில் கூட்டி, மறுபடி 0.3 அடுக்கு எடுங்கள். சராசரிச் சுமை கிடைக்கும். பட்டியல் திறனை அதனால் வகுத்து 10/3 அடுக்குக்கு உயர்த்தினால், ஆயுள் மில்லியன் சுற்றுகளில். ஒரு சுற்றுக்கு இந்த டயர் 1.88 மீற்றர் ஓடும்.

பழைய ஹப், உள்ளே 30205, மொத்த எடை 1000 கிலோ: சராசரி 6.1 கிலோநியூட்டன், ஏறத்தாழ 4,20,000 கி.மீ. அதே ஹப்பில் 1700 கிலோ: 10.4 கிலோநியூட்டன், 72,000 கி.மீ. புதிய ஹப், உள்ளே 30207, இடைவெளி 100: 9.6 கிலோநியூட்டன், 4,80,000 கி.மீ.க்கு மேல். வெளியே 30205 தாராளமாகப் போதும். வளைவில் வரும் அச்சுவழி விசை (ஸ்பிண்டிலின் நீளவாக்கில் தள்ளுவது), ஆரச்சுமையின் (ஸ்பிண்டிலுக்குக் குறுக்கே அழுத்துவதன்) 0.37 மடங்குக்குள் நிற்பதால் இந்தப் பேரிங்குகளில் ஆரச்சுமையை மட்டும் வைத்துக் கணக்கிட்டது சரி. அதைத் தாண்டினால், ஆரச்சுமையின் 0.4 பங்கோடு அச்சுவழி விசையின் 1.6 மடங்கைக் கூட்ட வேண்டும்.

இந்தக் கிலோமீற்றர்கள் சுத்தமான கிறீசில் ஓடும் பேரிங்குக்கு உரியவை. நூறு பேரிங்கில் தொண்ணூறு அதைத் தாண்டும் என்பதே கணக்கின் பொருள். மணலும் உப்புத் தண்ணீரும் உள்ளே போனால் பத்தில் ஒரு பங்குகூட எஞ்சாது. 72,000 கி.மீ. வரும் என்று பழைய ஹப்பிலேயே கூடிய சுமையை ஏற்றலாமே என்று நினைப்பவர்கள் அடுத்த பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். அங்கே பேரிங் அல்ல, ஸ்பிண்டில் உடைகிறது.

ஸ்பிண்டில்

ஸ்பிண்டிலை வளைக்கும் அழுத்தம் உச்சமாக இருப்பது உள் பேரிங் கோன் முட்டும் தோளில். அங்கே இரண்டு முறுக்குகள் சேர்கின்றன: சக்கரச் சுமை, தோள்வரை உள்ள தூரத்தால் பெருக்கியது. அதோடு பக்க விசையின் 500 நியூட்டன் மீற்றர். வளைவின் உள்பக்கச் சக்கரத்தில் இரண்டும் ஒரே திசையில் கூடும். அந்தச் சக்கரத்தில் எடை சற்றுக் குறைவதை இங்கே கழிக்கவில்லை. வீதிக் குழிக்கு அந்த மிச்சம் வேண்டும்.

பழைய 25 மி.மீ. ஸ்பிண்டிலில் 1700 கிலோவுக்கு 650 நியூட்டன் மீற்றர் வருகிறது. அழுத்தம் 424 மெகாபாஸ்கல். சாதாரண மைல்ட் ஸ்டீல் 250 அளவில் வளைந்துவிடும். ஈஎன்8 என்ற நடுத்தரக் கார்பன் உருக்குக் கம்பியும் 280 அளவில். அதாவது பேரிங் தேயுமுன்னரே ஸ்பிண்டில் மேல்நோக்கி வளைந்து, சக்கரத்தின் மேற்பக்கம் உள்ளே சாயும், அல்லது தோளில் வெடிக்கும். ஓடும்போது சக்கரம் கழன்று போவது இப்படியும் நேரும். எதிரே வருபவரின் உயிர் சம்பந்தப்பட்ட இடம் இது.

35 மி.மீ. ஆக்கினால், சுமைக்கோடு வெளியே நகர்ந்ததால் முறுக்கு 734க்கு ஏறினாலும், அழுத்தம் 174 மெகாபாஸ்கலுக்கு இறங்குகிறது. தடிப்பு மூன்றாம் அடுக்கில் வேலை செய்வதால் 25இலிருந்து 35க்குப் போனதில் பலம் 2.7 மடங்கு. குழியில் விழுந்து செங்குத்துச் சுமை இரட்டித்தால் 230. ஈஎன்8இல் இது தாங்கும், ஆனால் மிச்சம் குறைவு. ஈஎன்19 என்ற கலப்பு உருக்கை, கடினமாக்கிப் பதப்படுத்திய நிலையில் வாங்கினால் 600க்கு மேல் நிற்கும். விலை வித்தியாசம் ஒரு பேரிங் செட்டுக்கு மேல் வராது. ஈஎன்19 எடுங்கள்.

தோளின் மூலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. லேத்தில் அந்த மூலையைக் கூர்மையாக வெட்டினால் வெடிப்பு அங்கே தொடங்கும். பெரிய வளைவாக விட்டால் கோன் தோளில் முட்டாமல் வளைவின் மேல் ஏறி நிற்கும். 30207இன் கோன் மூலை வளைவு குறைந்தது 1.5 மி.மீ. ஆகவே ஸ்பிண்டில் மூலைக்கு 1.2 மி.மீ. ஆரம் கொடுத்து, நன்றாக மினுக்கி விடுங்கள். கோனை வைத்துத் தோளோடு 0.03 மி.மீ. ஃபீலர் தகடு போகிறதா என்று சுற்றிலும் பாருங்கள். எங்கேயும் போகக்கூடாது. தோளின் விட்டம் 42 மி.மீ.க்குக் குறையக்கூடாது. 44 நல்லது. அதற்குப் பின்னால் ஒயில் சீல் ஓடும் இடம் 50 மி.மீ.

ஸ்பிண்டிலை அச்சுக் குழாய்க்குள் குறைந்தது 100 மி.மீ. நுழைத்து, குழாயின் வாயிலும், அங்கிருந்து 60 மி.மீ. உள்ளே துளை போட்டும் வெல்டிங் செய்ய வேண்டும். சீல் ஓடும் இடத்துக்கோ தோளுக்கோ பக்கத்தில் வெல்டிங் வரக்கூடாது. ஈஎன்19இல் வெல்டிங் செய்யுமுன் 200 முதல் 300 பாகை வரை சூடாக்கி, லோ-ஹைட்ரஜன் ரொட்டைக் காயவைத்துப் பாவித்து, முடிந்ததும் காய்ந்த மணலுக்குள் மூடி மெதுவாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் வெல்டிங் ஓரத்தில் கண்ணாடி போல வெடிக்கும்.

லேத் வேலைக்கான அளவுகள்

பட்டியலில் கப்பின் பின்முகத்திலிருந்து அழுத்த மையத்துக்கு 30207இல் 15 மி.மீ., 30205இல் 12 மி.மீ. 100 மி.மீ. இடைவெளி வேண்டுமானால் ஹப்புக்குள் இரண்டு கப் தோள்களுக்கும் இடையே 73 மி.மீ. வைக்க வேண்டும். பேரிங்கைக் கையில் வாங்கிய பிறகே ஹப் வெட்டத் தொடங்குங்கள். நம்பர் ஒன்றாக இருந்தாலும் பெட்டிக்குள் இருப்பதை மைக்ரோமீற்றரால் அளந்துதான் நம்ப வேண்டும்.

சுற்றுவது ஹப் என்பதால் கப் இறுக்கமாகவும், கோன் ஸ்பிண்டிலில் வழுக்கிப் போகும்படியும் இருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்துவிடுபவர்கள் உண்டு. கப் தளர்ந்தால் ஹப்புக்குள் சுற்றிச் சுற்றித் துளையைத் தின்றுவிடும். பிறகு அந்த ஹப் குப்பைதான். கப்புகளின் வெளி விட்டமான 72, 52 மி.மீ. துளைகளுக்கு என்7 என்ற இறுக்கப் பொருத்தம்: இரண்டுக்கும் 9 முதல் 39 மைக்ரோன் குறைவு. ஸ்பிண்டிலுக்கு ஜி6 என்ற வழுக்குப் பொருத்தம்: 35 மி.மீ. இடத்துக்கு 9 முதல் 25 மைக்ரோன் குறைவு, 25 மி.மீ. இடத்துக்கு 7 முதல் 20. இந்த அளவைப் பிடிக்க லேத்காரரிடம் போர் கேஜ் இருக்கிறதா என்று வேலை கொடுக்குமுன் கேளுங்கள். கப்பை வைத்துப் பார்த்து வெட்டும் முறையில் இது வராது. இரண்டு துளைகளையும் ஒரே பிடியில், ஹப்பைச் சக்கிலிருந்து கழற்றாமல் வெட்ட வேண்டும். திருப்பிப் பிடித்து வெட்டினால் இரண்டு மையங்களும் ஒரே கோட்டில் வராது, ரோலரின் ஒரு ஓரம் மட்டும் சுமக்கும்.

தோள்களின் உள் விட்டம் பெரிய பக்கம் 62 முதல் 64, சிறிய பக்கம் 44 முதல் 46. தோளில் எதிரெதிராக இரண்டு பள்ளம் வெட்டி விட்டால், அடுத்த முறை கப்பைத் தட்டிக் கழற்ற இடம் இருக்கும். கப்புக்கு வெளியே ஹப்பின் சுவர் குறைந்தது 10 மி.மீ. இதைக் குறைத்தால் கப்போடு சேர்ந்து ஹப்பும் முட்டை வடிவமாகும். பழைய ஹப்பைத் துளை பெரிதாக்கிப் பாவிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு விடை இந்தச் சுவரில்தான் இருக்கிறது. அநேகமாக முடியாது.

கப் போடும்போது ஹப்பை 100 பாகைக்குச் சூடாக்குங்கள், கப்பை ஐஸ் பெட்டியில் வையுங்கள். கையாலேயே இறங்கும். ஆறியதும் ஒரு மென்மையான தட்டு கொடுத்துத் தோளில் முட்டியிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். கப்பில் நேராகச் சுத்தியல் படக்கூடாது.

உப்புத் தண்ணீர்

திருகோணமலையில் படகு ட்ரெயிலர் பேரிங்கைக் கொல்வது சுமையைவிடக் கடல்தான். நடப்பது இது: வீதியில் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கிறது. கொட்பேயிலோ நிலாவெளியிலோ அப்படியே தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. அந்த உறிஞ்சலில் சீலின் உதட்டைத் தாண்டிக் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. வெளியே வந்து இரண்டு நாள் நின்றால், ஒவ்வொரு ரோலரும் கப்பைத் தொட்ட கோட்டில் துரு கடிக்கும். அடுத்த ஓட்டத்தில் அந்தக் கோடுகளிலிருந்தே உதிரத் தொடங்கும்.

இறக்குமுன் ஹப் கைச்சூட்டுக்கு ஆறும்வரை நிறுத்திவையுங்கள். இருபது நிமிடம் போதும், அந்த நேரத்தில் படகின் கட்டுகளை அவிழ்க்கலாம். சீல் இரட்டை உதடு உள்ளதாக, 50-80-10 அளவில் எடுங்கள். கப் உள்ளே போகும் வழி 72 என்பதால் சீலின் துளை அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 80 வசதியான அளவு. சீல் ஓடும் இடத்தில் துருப்பிடித்த குழிகள் வந்தால் புதிய சீலும் இரண்டு மாதத்தில் போகும். அந்த இடத்தில் மட்டும் ஸ்டெயின்லெஸ் வளையம் ஒன்றைச் சூடாக்கி இறக்கிவிட்டு, மினுக்கி 50 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். கடலில் இறங்கும் ட்ரெயிலருக்கு இதைத் தவறவிட வேண்டாம்.

கிறீஸ் எண் 2 கெட்டித்தன்மை. மணல் பெட்டிக்கு லித்தியம் கொம்பிளெக்ஸ் போதும், கடலில் இறங்குவதற்குக் கல்சியம் சல்பனேட். பழையதைக் கழுவாமல் வேறு வகையை மேலே அடைக்க வேண்டாம். சில வகைகள் கலந்தால் தண்ணீராக இளகி வழிந்துவிடும். ரோலர்களுக்கிடையே உள்ளங்கையால் அழுத்தி மறுபக்கம் வரும்வரை நிரப்பி, ஹப்பின் நடு வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வையுங்கள். இந்த ஹப்புக்கு எல்லாம் சேர்த்து 60 முதல் 80 கிராம். முழுவதும் அடைத்தால் கிறீஸ் கடையப்பட்டுச் சூடேறி, சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

பூட்டி, விளையாட்டை (ஹப்பின் உள்-வெளி ஆட்டத்தை) சரிசெய்தல்

ஸ்பிண்டில் முனையில் எம்22, 1.5 பிட்ச் மரை (ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகர்வது), ஆறு வெட்டுள்ள நட்டு. அதற்குக் கீழே நாக்குள்ள வொஷர், ஸ்பிண்டிலில் வெட்டிய பள்ளத்தில் நாக்கு உட்கார வேண்டும். கோன் ஸ்பிண்டிலில் மெல்ல மெல்லச் சுற்றுவது இயல்பு. இந்த நாக்கு இல்லாவிட்டால் அது நட்டையும் சேர்த்துத் திருப்பும்.

ஸ்பிளிட் பின்னுக்கு ஒரு துளை மட்டும் போட்டால், நட்டு 60 பாகைக்கு ஒருமுறைதான் பூட்டும். 1.5 பிட்சில் அது 0.25 மி.மீ. நகர்வு, மிக அதிகம். 90 பாகையில் இரண்டாவது துளை போட்டால் 30 பாகைக்கு ஒருமுறை, 0.125 மி.மீ.க்கு ஓர் இடம் கிடைக்கும். இந்த ஒரு துளையால் பேரிங் சரியான இடத்தில் நிற்கும்.

சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை 50 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். ரோலர்கள் விளிம்பில் போய் உட்காரும். சுற்றாமல் இறுக்கினால் அவை கோணலாக நின்று, ஓடிய பிறகு தளர்ந்துவிடும். பிறகு நட்டை முழுவதும் தளர்த்தி, விரலால் முட்டும்வரை இறுக்கி, பின்னோக்கி வரும் முதல் வெட்டில் பின்னைப் போடுங்கள். டயல் கேஜை ஹப் முகத்தில் வைத்து, ஹப்பை உள்ளும் வெளியும் இழுத்துப் பாருங்கள்: 0.03 முதல் 0.15 மி.மீ. வரை விளையாட்டு இருக்கலாம். பூச்சியமாக வைத்தால் சூடாகும்போது இறுகி, கோனின் பெரிய விளிம்பு நீலமாக எரியும். 0.25க்கு மேல் போனால் ரோலர் ஓரங்கள் கப்பை உடைக்கும், சீலும் ஆடிக் கசியும்.

கழற்றிய பேரிங்கைப் பார்த்தல்

தூக்கி எறியுமுன் கழுவி வெயிலில் பிடித்துப் பாருங்கள். கப்பில் சுற்றிலும் ஒரே சீரான உதிர்வு இருந்தால் அது உண்மையான சுமைக் களைப்பு. பெரிய பேரிங் வேண்டும் என்பதற்கு ஒரே நேர்மையான சான்று அதுதான். ஒரு பக்கத்தில் மட்டும் சாய்வாக உதிர்ந்திருந்தால் துளைகள் கோட்டில் இல்லை, அல்லது ஸ்பிண்டில் வளைந்திருக்கிறது. ரோலர் இடைவெளியில் கறுப்புக் கோடுகள் தண்ணீர். அதே இடைவெளியில் பளபளப்பான பள்ளங்கள் இருந்தால் சுமையோடு குழியில் விழுந்த அடி, அல்லது சுத்தியலால் பூட்டிய அடி. கப்பின் வெளிப்புறம் மினுங்கினால் அது ஹப்புக்குள் சுற்றியிருக்கிறது. அந்த ஹப்பில் புதிய கப் போடுவது காசை வீசுவது. கோன் உட்புறத்தில் இலேசான மினுக்கம் மட்டும் இருந்தால் அது வழமை.

பேரிங்கை மாற்றியதால் மற்றவை தானாகத் தாங்காது. 185ஆர்14 எட்டுப் பிளை டயரின் ஒற்றைச் சக்கர எல்லை பொதுவாக 850 கிலோ. இந்த உதாரணம் 1700இல் நிற்பதற்கு அதுவே காரணம். இதற்கு மேல் போனால் டயர் பெரிதாகும், ஆரம் கூடும், வளைவு முறுக்கு கூடும், கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். பிரேக் இல்லாத ட்ரெயிலரில் இந்தச் சுமையை ஏற்றவே கூடாது. பதிவுப் புத்தகத்தில் இருக்கும் மொத்த எடையும் அப்படியே எல்லை. அதை மாற்றாமல் கூட்டி ஏற்ற முடியாது.

பூட்டியதும் முதல் ஓட்டத்தைப் பாதிச் சுமையோடு நகரிலிருந்து நிலாவெளிவரை வையுங்கள். நிறுத்தியவுடன் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். கை வைத்துக்கொண்டே இருக்கக்கூடிய சூடு சரி. மூன்று விநாடி பொறுக்க முடியாவிட்டால் நட்டு இறுக்கம் அல்லது கிறீஸ் அதிகம். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் பிரேக் உராய்கிறதா என்று முதலில் பாருங்கள். 150 கி.மீ. ஓடிய பிறகு தூக்கி, டயல் கேஜால் விளையாட்டை மறுபடி எடுத்து, வேண்டுமானால் ஒரு வெட்டு இறுக்குங்கள். அதன் பிறகு மணல் பெட்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், கடலில் இறங்கும் ட்ரெயிலருக்கு மாரிக்கு முன்னும் பின்னும் கழற்றிக் கழுவிப் புதுக் கிறீஸ் அடைப்பது போதும். சீலை ஒவ்வொரு முறையும் புதிதாகவே போடுங்கள்.